மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கல்

திண்டுக்கல்
3.11.2022

அன்புள்ள மாமாவுக்கு,

கௌசல்யா எழுதுவது. அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் பஸ்ஸில் கொடுத்துவிட்ட மலைவாழைத் தாரைக் கண்டக்டர் பத்திரமாக இறக்கிக் கொடுத்தார். பாதியை அக்கா பிள்ளைகள் அன்றைக்கே காலி செய்துவிட்டார்கள். போனில் பேசலாம் என்றால், சிறுமலையில் உங்களுக்கு டவர் கிடைப்பது மேட்டுப் பாறையில்தான். அங்கே நின்று நீங்கள் கத்துவதில் பாதி காற்றோடு போகிறது. கடிதமே தேவலை.

பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். கொரோனா போய் ஒன்றரை வருஷமாகியும் மூச்சும் களைப்பும் தீராத என்னைப் போன்றவர்களுக்கென்று தனி அறை. பிசியோதெரபி பார்க்கும் நர்கீஸ் சின்ன வயசுதான், ஆனால் அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிவிட்டு மரப்படியில் ஏறச் சொல்கிறார். அவரோடு பேசிக்கொண்டே ஏற வேண்டும். மூச்சு முட்டிப் பேச்சு நின்றால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். இன்னும் ஒரு எட்டு என்று இழுக்கக் கூடாது.

நான் கேட்டால்தானே. போன வாரம் உடம்பு லேசாக இருக்கிறதே என்று அக்கா வீட்டுப் போர்வைகளை எல்லாம் துவைத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து படுத்த படுக்கை. நர்கீஸ் திட்டவில்லை. "நல்லா இருக்கிற அன்னைக்குத்தாங்க்கா கவனமா இருக்கணும்" என்று சொல்லி, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கினார். எனக்குத்தான் அழுகை வந்தது.

தோட்டத்தைச் சடையாண்டிக்குக் குத்தகைக்கு விடப் போகிறீர்கள் என்று கண்டக்டர் சொல்கிறார். கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. உண்மைதானா?

அன்புடன்,
கௌசல்யா


சிறுமலை
7.11.2022

அன்புள்ள கௌசல்யாவுக்கு,

உண்மைதான். நேரில் வந்து சொல்லலாம் என்றிருந்தேன், அதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார்.

சித்திரையில் நீ பிடிவாதமாகக் கிளம்பி வந்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நம் வீட்டுக்கு ஏறும் பாதையில் பலா மரத்தடியில் விழுந்தாய். உனக்கு நினைவிருக்காது. உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிய எனக்கு மறக்கவில்லை. வழியெல்லாம் உன் மூச்சு என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு நான் பயந்த பயம் யாருக்கும் வர வேண்டாம்.

நீ இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? தை பிறக்கும் முன் குத்தகை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிடுகிறேன். மண்டியில் ஏதாவது வேலை கிடைக்கும். உனக்கு வீட்டைப் பார்க்க ஆசை வந்தால் சொல், நம் குதிரை மேல் உட்கார வைத்துக் கூட்டி வருகிறேன். நர்கீஸ் நல்ல பெண்ணாக இருக்கலாம். ஆனால் மரப்படியில் ஏறி இறங்கினால் மலை குறைந்துவிடுமா?

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

சோலைமலை


திண்டுக்கல்
10.11.2022

அன்புள்ள மாமாவுக்கு,

குதிரை மேல் ஏற்றிக்கொண்டு போக நான் என்ன பலாப்பழ மூட்டையா?

கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்த மிளகுக் கொடிகள் நீங்கள் குழி தோண்ட, நான் நட்டவை. சடையாண்டி அண்ணன் நல்லவர், அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் இங்கே படி ஏறுவதே அந்த மலை ஏறத்தான். நீங்கள் கீழே இறங்கி வந்துவிட்டால் நான் எதற்கு மாமா ஏறணும்?

எங்களோடு ஹாமித் அண்ணன் வருகிறார். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியவர். இப்போது தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே உட்காருகிறார். அவரைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவர் சம்சாரமும் கூட வந்து, பயிற்சியைப் பக்கத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார். "உங்க வீட்டுக்காரரையும் ஒருநாள் வரச் சொல்லுங்கக்கா" என்கிறார் நர்கீஸ்.

புதன்கிழமை வாருங்கள். பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

கௌசல்யா


சிறுமலை
12.12.2022

அன்புள்ள கௌசல்யாவுக்கு,

அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். இப்போது சொல்கிறேன்.

நர்கீஸ் உன்னிடம் மொச்சைக் குழம்பு வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். நீ சொல்லிக்கொண்டே ஏறினாய். புளி கரைக்கிற இடத்தில் உன் பேச்சு நின்றது. யாரும் சொல்லாமல் நீயே உட்கார்ந்தாய். முன்பெல்லாம் வாழைத் தாரோடு என்னை முந்திக்கொண்டு மலை ஏறினவள், அத்தனை பேர் முன்னால் கொஞ்சமும் கூச்சப்படாமல் உட்கார்ந்தாய். செத்த நேரம் கழித்து எழுந்து, விட்ட இடத்திலிருந்து குழம்பைச் சொன்னாய், படியும் ஏறினாய். கௌசல்யா, இத்தனை வருஷத்தில் உன்னைப் பார்த்து நான் இப்படிப் பெருமைப்பட்டதில்லை. அந்தப் பொறுமை எனக்கு வராது.

ஊருக்கு வந்ததும் நம் பாதையில் பேசிக்கொண்டே ஏறிப் பார்த்தேன். எனக்கு மூச்சே வாங்கவில்லை. உர மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடி கீழேயிருந்து ஏறினேன். நீ பக்கத்தில் வருவதாக நினைத்துக்கொண்டு, நான் வைத்த குழம்பு உப்புக் கரித்த கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். குதிரை வெறும் முதுகோடு பின்னால் வந்தது. எதிரே வந்த சடையாண்டி, "ஏப்பா, குதிரை சும்மா வருது, நீ சுமக்கிற, தனியாப் பேசுற. ஒடம்புக்கு என்ன?" என்றான்.

என் பேச்சு நின்ற இடத்திலெல்லாம் நீ உட்கார ஒரு பலகைக் கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறேன். உன் மூச்சு என்னுடையதைவிடச் சின்னது என்று நடுவிலும் போட்டேன். நீ விழுந்த பலா மரத்தடியில் இருப்பதுதான் பெரிய கல். கடப்பாரை போட்டு நெம்பியது நானும் சடையாண்டியும்தான். குத்தகை வேண்டாம் என்று சொன்னபோது கொஞ்சம் முகம் சுருங்கினான். மறுநாள் அவனே கடப்பாரையோடு வந்து நின்றான்.

நர்கீஸ் எப்போது சரி என்கிறாரோ, அப்போது வா. அவசரமில்லை.

சோலைமலை


திண்டுக்கல்
15.12.2022

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நர்கீஸுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடிப்பதற்குள் என் பேச்சு நின்றுவிட்டது. அவர் கிளிப்பைப் பார்த்துவிட்டு, "இது மூச்சு இல்லக்கா, அழுகை" என்றார்.

நர்கீஸ் சரி என்றுவிட்டார், அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். நாலு நாள் இருந்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும், பிறகு மறுபடி வருவேன். இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டுமாம். குதிரையைக் கூட்டி வாருங்கள், என் பையைச் சுமக்கட்டும்.

ஒரே ஒரு குறை. நான் உட்காரும் கல்லைப் பற்றி எழுதினீர்கள், நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்று எழுதவில்லை. எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் நோயாளியாகிவிடுவேன். சனிக்கிழமைக்குள் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் இன்னொரு கல் போடுங்கள்.

உங்கள்
கௌசல்யா