படையலில் வைத்த கொன்ட்ரோலர்

வெள்ளி. முப்பத்தோராம் நாள்.

பகல் 12.47க்கு என் போனில் அந்த அறிவிப்பு வந்தது: 'வேணி விளையாட வந்திருக்கிறார்.'

அப்போது, செத்துப்போன என் மனைவி வேணிக்குப் படைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தியிருந்தோம். உள்ளே ஒருவரும் இல்லை. அவளின் அம்மாதான் சொன்னா: "அந்த விளையாட்டுக் கொன்ட்ரோலரையும் வையுங்கோ தம்பி. சோத்துக்குக் கூப்பிட்டாலும் அதை விட்டு எழும்பமாட்டாளே." இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தபோது ரீவி எரிந்துகொண்டிருந்தது. விளையாட்டுக்குள் நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் பாலத்தடியில் அவளுடைய உருவம் நின்றது. காலடியில் அவள் ஒருவருக்கும் கொடுக்காத தங்கத் துப்பாக்கி கிடந்தது.

அதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். "நான் செத்தாப் பிறகு எடுங்கோ" என்று சிரிப்பாள்.

"என்ன தம்பி?" என்று மாமி கேட்டா.

"ஒண்டுமில்லை மாமி. கரண்ட் போய் வந்திருக்கு."

நான் நெட்வேர்க் வேலை செய்பவன். ஏதாவது பட்டு பட்டன் அழுந்தினால் விளையாட்டு மெஷின் தானாக எழும்பும், தெரியும். ஆனால் அந்த உருவத்தின் பையைத் திறந்து, தேடி, ஒன்றைக் கீழே போட ஆறேழு பட்டன் அமத்த வேண்டும். சும்மா நிற்பவரைப் பதினைந்து நிமிடத்தில் விளையாட்டே வெளியே தள்ளிவிடும்.

இப்போது இரவு பத்தரை. அவள் இன்னும் நிற்கிறாள். அலுமாரியில் இருக்கிற என் மெஷினைப் போட்டால், உள்ளே போய்த் துப்பாக்கியை எடுக்கலாம். எடுத்துவிட்டால் அவளுக்கு அங்கே நிற்க வேலை இல்லை.

'வேணி உங்களை விளையாட அழைக்கிறார்' என்று மூன்றாம் தரமும் வந்தது.

போனை மட்டும் நிப்பாட்டிவிட்டேன்.