லெஷெக்கின் கப்பல்

நார்வே, சனிக்கிழமை

அன்பு ஹலினா,

நீயும் மகள் கஷியாவும் நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். விரல்ல சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு லெஷெக் கஷியாவுக்கு, கலர்ல அச்சடிச்ச அட்டையை வெட்டி ஒட்டிக் காகிதக் கப்பல் செஞ்சு கொடுத்ததை மூணு பக்கம் எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும் நானும் செய்ய ஆரம்பிச்சுட்டேன். தினமும் நிஜக் கப்பலுக்கு வெல்டிங் வைக்கிறவனுக்கு இது எம்மாத்திரம்? ஆனா பசையில ஊறி முன்பக்கம் முறுக்கிக்கிச்சு. "டேய், இது கப்பலா, வேகவெச்ச முட்டைக்கோசா?"ன்னு அறையில கூட இருக்கிற ஸ்டஷெக் சிரிக்கிறான்.

கூரான சின்னக் கத்தரி ஒண்ணு அனுப்பு. என் கப்பல்ல வெட்டின ஓரமெல்லாம் வெள்ளையா தெரியுது. நீ அனுப்பின போட்டோவுல லெஷெக் கப்பல்ல தெரியலையே, எப்படின்னு பார்த்து எழுது.

நீயே பார்த்தா போதும். அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்காதே.

பஸ் வந்துடுச்சு.

உன் ரிஷார்ட்