அரை நிமிடம் முன்னால் நீ

இன்று மத்தியானம் டிவியைப் போட்டேன். வாலிபால் சீசன் மறுபடி தொடங்கிவிட்டது. ஆப்பைத் திறந்ததும் "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு வரிசையாக வட்டங்களைக் காட்டியது. நான், இவர், டப்ளினில் இருக்கும் என் தம்பி, கடைசியில் நீ. கறுப்புக் கண்ணாடி போட்ட பூனைப் படம், நீயே தேடி எடுத்து வைத்தது. அழிக்க வேண்டுமானால் ஒரு பென்சில் குறியை அமுக்கினால் போதும். "எதுக்கு இன்னும் வெச்சிருக்கே?" என்று இவர் ஒரே ஒருமுறை கேட்டார். நான் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நம் இருவருக்கும் நடுவில் பேசாமல் விட்டது ஒன்று உண்டு. உன் மகள் யாழினியின் கடைசி ஆட்டத்தை நீ பார்க்காமல் போனதற்கு ஆஸ்பத்திரி இணையம் காரணமில்லை, ஆப்பும் காரணமில்லை. நான்தான் காரணம். கேட்டபோது உன்னிடம் பொய் சொன்னேன். நீயும் என்னிடம் ஒன்றை மறைத்தாய். இரண்டையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எனக்கு இதற்கு மேல் முடியவில்லை.

திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது நீ த்ரோபால் டீம் கேப்டன். நான் ஆடாத ஆள், ஓரத்தில் உட்கார்ந்து உன் வாட்ச்சையும் வளையலையும் மடியில் வைத்துக்கொண்டு கத்துவது மட்டும் என் வேலை. த்ரோபாலில் பந்தை இரண்டு கையாலும் பிடித்து எறிய வேண்டும். உனக்கு வாழ்க்கை முழுக்க அதுதான் ஆட்டம். மகள் வாலிபாலில் சேர்ந்து, பந்தைப் பிடித்தால் தப்பு என்று பத்து வருஷம் சொல்லிக் கொடுத்தும் உன் மண்டையில் ஏறவில்லை. பந்து அவள் பக்கம் வந்ததும் "புடி! புடிடி!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கக் கத்துவாய். "அம்மா, ஸ்டாப். யூ கான்ட் கேட்ச் இட்!" என்று அவள் அங்கிருந்து முறைப்பாள். அவள் லிபெரோ. மற்றவர்களுக்கு ஒரு நிறச் சட்டை, அவளுக்கு மட்டும் வேறு நிறம். தரையில் விழப்போகிற பந்தைப் பாய்ந்து எடுப்பது அவள் வேலை, அதற்கு 'டிக்' என்று பேர். "புள்ள பூரா நேரமும் தரையில கெடக்கா, பாயின்ட் எடுக்கற பேரு இன்னொருத்திக்கு" என்று நீ புலம்பாத வாரம் இல்லை.

அவள் கல்லூரிக்குப் போன முதல் இரண்டு வருஷம் ஆட்டங்கள் கேபிளில் ஒரு சேனலில் வந்தன. நான் நியூ ஜெர்சியில், நீ டெக்சஸில். எங்கள் வீட்டில் கேபிளை வெட்டியாகிவிட்டது, அதே சேனலை ஸ்ட்ரீமிங்கில்தான் பார்ப்பேன். அது உன் கேபிளைவிட அரை நிமிடம் பின்னால் வரும். அந்த அரை நிமிடத்தை வைத்துக்கொண்டு நீ என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! என் திரையில் அந்தப் பக்கத்துப் பெண் அப்போதுதான் சர்வ் போடக் கை ஓங்குவாள். போன் அடிக்கும். "எடுத்துட்டாடி! டைவ் அடிச்சு எடுத்துட்டா!" என்று கத்திவிட்டு வைத்துவிடுவாய். நடக்கப்போவது தெரிந்த பிறகு பந்து மெதுவாக வந்து விழுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டினால், "நான் டிவி பாக்கறேன், நீ பழைய சோறு சாப்பிடறே. என்ன பண்றது?" என்பாய். அதனால் ஆட்டம் தொடங்கியதும் போனைச் சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு வரப் பழகினேன். அங்கிருந்து அது உர் உர்ரென்று அதிரும். அதிர்ந்தால் நமக்குப் பாயின்ட் என்று அர்த்தம். முடிந்த பிறகு கூப்பிட்டு ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசுவோம்.

மூன்றாம் வருஷம் பெண்கள் வாலிபாலைச் சேனலிலிருந்து தூக்கி மொத்தமாக ஸ்ட்ரீமிங்கில் போட்டார்கள். ஆண்களின் ஃபுட்பாலுக்கு இன்னும் சேனல் இருந்தது. நீ கோபத்தில் கேபிள் கம்பெனிக்காரனோடு முக்கால் மணி நேரம் சண்டை போட்டாய், அவன் பாவம் என்ன செய்வான். கடைசியில் என் கணக்கிலேயே உன்னைச் சேர்த்துக்கொண்டேன். நம்மவர்கள் வீட்டில் இது வழக்கம்தானே. ஸ்போர்ட்ஸ் என்னுடையது, தமிழ்ச் சேனல்கள் உன்னுடையது, சினிமா டப்ளினில் தம்பியுடையது. யாருக்கு எது வேண்டுமோ மற்றவரின் பாஸ்வேர்டில் பார்ப்போம். பாஸ்வேர்டைத் தட்டெழுதி முடித்ததும் நீ சொன்னாய்: "டிவின்னா போட்டா வரணும்டி. யாரு நீன்னு கேள்வி கேட்டா அது டிவி இல்ல, பேங்க்கு."

ஸ்ட்ரீமிங்கிலும் நீதான் எனக்குச் சில வினாடி முன்னால் இருந்தாய். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போன் அரிசி டப்பாவின் மேலேயே இருந்தது.

நான்காம் வருஷம் கோடையில் உனக்குப் புற்று மறுபடி வந்துவிட்டது என்றார்கள். இந்த முறை கல்லீரலுக்கும் போயிருந்தது. நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. யாழினியின் ஆட்ட அட்டவணையைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டு, "சீனியர் டே நவம்பர்ல. அது வரைக்கும் இழுத்துப் புடிச்சிட்டா போதும்" என்றாய். கடைசி ஹோம் ஆட்டம் முடிந்ததும் நான்காம் வருஷப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள், பெற்றோர் இரண்டு பக்கமும் நடந்து வருவார்கள். அதற்கு என்ன புடவை கட்டுவது என்று வாட்ஸ்அப்பில் எனக்கு நாலு படம் அனுப்பினாய். நான் மாம்பழ நிறத்தைச் சொன்னேன்.

நவம்பர் வந்தபோது உன்னால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. உன் வீட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், உன்னை விட்டுப் போகமாட்டேன் என்றாராம். "புள்ள தனியா நடக்கக் கூடாது. நீங்க போங்க. நான் இங்கருந்து பாத்துக்கறேன்" என்று நீதான் விரட்டியிருக்கிறாய். உன் ஆஸ்பத்திரி அறைச் சுவரில் ஒரு டிவி தொங்கியது, அதில் கேபிள் சேனல்கள் மட்டும். அதனால் மடியில் டேப்லெட். சனிக்கிழமை காலையில் எனக்குச் செய்தி போட்டாய்: "இன்னிக்கும் ஒனக்கு முன்னாடி நான்தான் பாப்பேன். போனைத் தூக்கி ஒளிச்சு வெச்சிக்கோ."

அப்படியே ஒளித்துவைத்தேன். காபியோடு வந்து டிவியைப் போட்டால், ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் பார்க்கலாம், இப்போது மூன்று பேர் பார்க்கிறார்கள் என்று வந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். டப்ளினில் தம்பி ஒரு டிவியில் ஃபுட்பால் பார்ப்பான், அவன் மனைவி மாடியில் இன்னொன்றைப் போட்டிருப்பாள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், யாழினி ஆடுகிற நாளில் மட்டுமாவது வழி விடுங்கள் என்று. இரண்டு நிமிடத்தில் ஆட்டம் தொடங்கப்போகிறது. கூப்பிட்டுச் சொல்லப் பொறுமை இல்லை. அமைப்புகளுக்குள் போய், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்பதை அமுக்கினேன். அவன் திரும்ப நுழையக்கூடாது என்று பாஸ்வேர்டையும் மாற்றினேன். உடனே படம் வந்தது. இருடா உனக்கு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தம்பி வீட்டில் இரண்டு. மூன்றாவது யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

முதல் செட்டில் சமையலறையில் போன் உர்ரென்றது. வந்துட்டா கத்த, என்று சிரித்தேன். மறுபடி உர்ரென்றது. நமக்கு அடுத்த பாயின்ட் என்று திரையைப் பார்த்தேன். நிஜமாகவே பாயின்ட் வந்தது. இன்னொன்று. ஒவ்வொரு அதிர்வுக்கும் நான் கைதட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு இவளுக்கு எவ்வளவு உற்சாகம் பார், இன்னும் ஒரு வருஷம் இருப்பாள் இவள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நீயோ அங்கே டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு, பாஸ்வேர்டு கேட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஒன்பது முறை.

இரண்டாவது செட்டின் நடுவில் போன் ஓய்ந்துவிட்டது. களைத்துப்போய்த் தூங்கியிருப்பாய் என்று நினைத்தேன்.

மூன்று செட்டிலும் ஜெயித்தார்கள். பிறகு ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டார்கள். யாழினியின் பெயரை அறிவிப்பாளர் வழக்கம்போல் ஒரு புது விதமாகச் சொன்னார். அண்ணா ஒரு பக்கம் நடந்தார், மறு பக்கம் காலியாக இருந்தது. கோச் ஒவ்வொருவருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். மற்றப் பெண்கள் அதை லேசாகத் தட்டி எடுத்தார்கள். உன் பெண் இரண்டு கையாலும் கப்பென்று பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்படியே கேமராவைத் தேடித் திரும்பினாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. எனக்குத் தெளிவாகப் புரிந்தது. "புடிச்சிட்டேம்மா."

நான் சோபாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உனக்காகத்தான், நீ இதைப் பார்த்துவிட்டாயே என்ற நிம்மதியில் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் போனை எடுத்தேன். ஒன்பது தவறிய அழைப்புகள். கீழே இரண்டு செய்திகள். "பாஸ்வேர்டு கேக்குதுடி, என்ன போடணும்?" அதற்கு இருபது நிமிடம் கழித்து, "சரி விடு. பாத்துட்டு எனக்குச் சொல்லு."

உடனே கூப்பிட்டேன். உன் குரல் நூல் மாதிரி இருந்தது.

"என்னாச்சுடி?"

"ஆப் டவுன்டி" என்றேன். "எனக்கும் நடுவுல நடுவுல போச்சு. ஸ்ட்ரீமிங் சனியன்."

"கேபிளா இருந்தா இந்தத் தொல்லை இல்ல" என்றாய். பிறகு, "சொல்லு. மொதல் சர்வ்லேருந்து சொல்லு."

சொன்னேன். ஒரு மணி நேரம், ஒவ்வொரு பந்தாக. மூன்றாவது செட்டில் அவள் கால் வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே ஒரு பந்தை எடுத்ததையும் சொன்னேன். கடைசியில் அவள் பந்தைப் பிடித்ததைச் சொன்னபோது, "மறுபடி சொல்லு" என்றாய். சொன்னேன். "ஒரு கையாலயா, ரெண்டு கையாலயா?" "ரெண்டு கையாலயும்டி." "தலைமுடி எப்படிக் கட்டியிருந்தா?" "ஒத்தப் பின்னல். நுனியில மஞ்ச ரிப்பன்." "அழுதாளா?" "இல்லடி. சிரிச்சா." ஏக்கத்தில் கேட்கிறாய் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அந்த ஆட்டத்தின் பதிவு சாயங்காலமே ஆப்பில் வந்துவிட்டது. நான் ஓடிப்போய்த் திறந்தேன். முதல் சர்விலிருந்து கடைசிப் பாயின்ட் வரைக்கும்தான் இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த நாலு நிமிடம் நேரலையில் ஓடும்போது பார்த்தவர்களுக்கு மட்டும்தான். யாரோ எடுத்த போட்டோக்கள் நிறைய வந்தன, எல்லாவற்றிலும் அவள் அண்ணாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாளுக்கு வந்திருந்தேன். உன் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணா பக்கத்தில் வந்து நின்றார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. ஆனா என்னால வெச்சிக்க முடியல. அன்னிக்கு டேப்லெட்ல தெளிவா வந்துருக்கு, அக்கவுன்ட் ஓனர் பாஸ்வேர்டை மாத்திட்டாங்கன்னு. நர்ஸ்தான் படிச்சுக் காமிச்சிருக்காங்க. நான் திரும்பி வந்ததும் சொன்னா, 'தம்பி மேல இருக்கற கோவத்துல பண்ணிருப்பா, பைத்தியம். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டா'ன்னு."

குழாயை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். நீ அந்த ஒரு மணி நேரமும் தெரிந்துகொண்டேதான் என் பொய்யைக் கேட்டிருக்கிறாய். ஸ்ட்ரீமிங் சனியன் என்று நான் திட்டியபோதும் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி. நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டியிருக்கலாமே. அந்த ஹாஸ்டல் காலத்திலிருந்து எதற்கும் நீ என்னை விட்டு வைத்ததில்லை. இதற்கு மட்டும் ஏன் விட்டாய்?

யாழினி இப்போது ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு வந்து என் கையால் ரசம் சாப்பிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: "யூ நோ, ஆன்ட்டி, நெக்ஸ்ட் டே அம்மா கால் பண்ணி, ஹோல் மேட்ச்சும் சொன்னாங்க. ஈவன் தட் ஒன் டிக், வேர் ஐ ஸ்லிப்டு. மை ரிப்பன். எவ்ரிதிங். நோபடி வாட்ச்சஸ் மீ லைக் தட்." நான் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளிடம் நீ ஒப்பித்தது நான் சொன்னதை. என்னிடம் ஏன் அத்தனை கேள்வி கேட்டாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு அவளுக்கு வராத தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"அப்பா சொன்னாங்க, அன்னிக்கு ஹாஸ்பிடல்ல நெட் சரியில்லன்னு. ஆன்ட்டி, அம்மா... நெஜமா பாத்தாங்களா?"

உண்மையைச் சொன்னால் என் பாரம் அன்றோடு இறங்கிவிடும். அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள், ஒருநாள் மன்னித்தும் விடுவாள். எனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அம்மா பார்க்காத கேமராவைப் பார்த்துத்தான் புன்னகைத்தோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"பாத்தா கண்ணு" என்றேன். "எனக்கு முன்னாடியே பாத்துட்டா."

அவள் முகத்தில் வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு நீ சொன்ன பொய்யைச் சொல்ல இனி நான் ஒருத்திதான் மிச்சம். அவள் எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன்டி.