கதவோர இடம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

என்னை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டிய கடைசி வண்டியில் இந்தக் கடிதம்தான் வருகிறது. நான் வரவில்லை. இனி பனி கரைந்து பாதை திறந்த பிறகுதான் வருவேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியை நீங்கள் கோபப்பட்டுக்கொண்டே படிக்கலாம்.

நான் சௌக்கியம். இரண்டு கம்பளிச் சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி நடமாடுகிறேன். நீங்கள் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர், தனக்கு மட்டும் மறந்துபோச்சு என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆடு மேய்ப்பவரின் மகள் ஒருத்தி என்னிடம் படிக்கிறாள். கேள்விக்காரி என்று நான்தான் பெயர் வைத்தேன். கணக்கைப் போட்டு முடித்தால் விடை சரியா என்று கேட்கமாட்டாள். இந்தக் கணக்கை முதலில் யார் யோசித்தது, அவருக்கு எதற்காக இது தேவைப்பட்டது என்று கேட்பாள். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் இல்லாமல் கண்காணாத தேசத்து மலைக்கு வந்து கணக்கு சொல்லிக் கொடுக்கிறேனே, அதற்கு அவள் ஒருத்தி போதும்.

பள்ளிக்கூடம் ஒரே அறை. என் மேசைக்குப் பக்கத்தில் விறகு அடுப்பு. வேலையில் இருந்த காலமெல்லாம் செய்ததையே இங்கேயும் செய்தேன். திணறுகிற பிள்ளைகளை என் அருகில், அடுப்போரம் இழுத்து உட்கார வைத்தேன். யார் உதவியும் இல்லாமல் போட்டுவிடுகிற கேள்விக்காரியைக் கடைசி பெஞ்சுக்கு, கதவோரம் அனுப்பினேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆங்கிலம் தெரிந்த, எனக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற மளிகைக்கடை அம்மாளிடம் விசாரித்தேன். நீங்களே அவளை அனுப்பிட்டு, ஏன் வரலைன்னு என்கிட்ட கேக்கறீங்களே டீச்சர் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளக்கினாள். இந்த ஊர் வீடுகளில் அடுப்போரம் உட்காருபவர்கள் வீட்டுக்கு வேண்டியவர்களாம். வெளியூர் வேலைக்குப் போகப் போகிறவர்களைத்தான் கதவோரம் உட்கார வைப்பார்களாம். பள்ளிக்கு விறகு போட வந்த கேள்விக்காரியின் அம்மா ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். டீச்சரே இவளுக்குப் படிப்பு வேண்டாமென்று முடிவு கட்டிவிட்டாள் என்று வீட்டில் பேசி, கீழே டவுனில் உறவினர் நடத்தும் விடுதியில் பாத்திரம் கழுவ அனுப்ப ஏற்பாடும் செய்துவிட்டார்கள். அதுவும் நான் புறப்பட இருந்த அதே வண்டியில். பாடம் சொன்னவளும் பாத்திரம் கழுவப் போகிறவளும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இறங்கியிருப்போம்.

அவர்கள் வீடு எல்லாவற்றுக்கும் மேலே, செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. போனேன். டீ கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. அப்பா மேய்ச்சலிலிருந்து வந்துதான் சொல்லணும் என்றாள் அம்மா. மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். அந்த வீட்டு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது. நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

கடைசியில் அப்பா வந்தார். தப்பு என்னுடையது, கெட்டிக்காரி என்பதால்தான் தள்ளி உட்கார வைத்தேன், நாளையிலிருந்து அடுப்போரம் அவளுக்குத்தான் என்று கடைக்கார அம்மாள் மூலம் சொன்னேன். ஓர் ஆட்டின் குளம்பில் சிக்கியிருந்த கல்லை நெம்பி எடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஏதோ சொன்னார். அதை எனக்குச் சொல்ல அந்த அம்மாள் தயங்கினாள். அவ அடுப்போரம் உக்காரட்டும் டீச்சர், ஆனா நீங்க எங்க உக்காந்திருக்கீங்க, நீங்களே கதவோரம்தானே என்றாராம்.

சுருக்கென்று தைத்தது. எனக்கு முன்னால் வந்த ஆசிரியர்கள் எல்லாரும் பனிக்கு முன்னே இறங்கிப் போனவர்கள்தான். குளிர்காலம் முழுவதும் பள்ளி பூட்டிக் கிடக்கும். திறக்கும்போது பாதிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். நான் போனபின் இவள் யாரிடம் படிப்பாள்? அந்த இடத்திலேயே, நான் போகவில்லை, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்களைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், வாக்கை மட்டும் திரும்ப வாங்கமாட்டேன். மளிகைக்கடைக்குப் பின்னால் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாவும் விறகும் சேர்த்தாகிவிட்டது. என்னை அனுப்பிய தொண்டு நிறுவனத்தார், இதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதினார்கள். எனக்கு நான் பொறுப்பு என்று பதில் போட்டுவிட்டேன்.

நான் வாக்குக் கொடுத்த மறுநாளே கேள்விக்காரி வந்து அடுப்போரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வழக்கம்போல ஒரு கேள்வி. நீங்க இங்கயே இருந்துட்டா உங்க வீட்ல உங்கள யாரும் தேடமாட்டாங்களா டீச்சர் என்றாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய கணக்கை எழுத ஆரம்பித்தேன்.

இனி உங்கள் கண் விஷயம். நான் வந்தால்தான் ஆபரேஷன் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மருந்துச் சீட்டை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் படிக்கிறீர்களாம். உங்கள் தங்கை எழுதியிருந்தாள். போதும், இனியும் தள்ளாதீர்கள். அவளையே துணைக்கு வரச் சொல்லுங்கள். ஓயாமல் பேசுவாள்தான், ஆனால் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுவாள். உங்களுக்குப் பயமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும் இங்கே பயமாகத்தான் இருக்கிறது. கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்க வைக்கக் கூடாது என்றுதான் எழுத்தை இத்தனை பெரிதாக எழுதியிருக்கிறேன்.

பனி கரைந்ததும் வந்து இறங்குவேன். அன்று அத்தனை கூட்டத்திலும், யாரும் கைகாட்டாமல், என்னை நீங்களே தூரத்திலிருந்து பார்த்துக் கூப்பிட வேண்டும்.

என்றும் உங்கள்,
பிடிவாதக்காரி