அருளப்பனுக்கு மட்டும் கேட்ட விசில்

நாள் 41. காலை 09:20
நிலவின் மறுபக்கம், மூன்றாம் நிலையம். எழுதுபவர் எழிலி பரமசிவம், ஒலிப் பொறியாளர். அழுத்தம் சரி. வெப்பம் 22 டிகிரி. ஆட்கள் மூவர், நலம்.

காற்றாடிகளின் இரைச்சல் எப்போதும்போல 88 டெசிபல். ஹெட்ஃபோன்தான் அதைக் குறைத்து, சுற்றியுள்ள மற்ற ஒலிகளை உள்ளே விடுகிறது. அது இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டிக்கொண்டே இருக்கிறோம். எல்லோருக்கும் பிடிக்கிற ஒரே ஒலியமைப்பை அதற்குக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

இன்று ஒரே ஹெட்ஃபோனில் ஒரே நாதஸ்வரப் பதிவை மூவரும் கேட்டோம். டாக்டர் மெஹருன்னிசா: "சவசவன்னு இருக்கு. தவில் எங்க போச்சு?" காற்றுக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் அருளப்பன், தூத்துக்குடிக்காரர், முன்பு கடலில் முக்குளித்தவர்: "ஊசிய வச்சுக் குத்துத மாதிரி இருக்கு தங்கச்சி." எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

நாள் 43. காலை 10:45
மூவர் காதிலும் நூல் போன்ற மைக்கை நுழைத்து அளந்தேன். டாக்டரின் மூக்குக் கண்ணாடிக் காம்பு காதுமெத்தையைத் தூக்கிவிடுகிறது. தவில் அந்த இடுக்கில் ஓடிவிடுகிறது. அருளப்பனின் காதுத் துளை குட்டை. மடலின் மடிப்பு ஆழம். ஆறாயிரம் ஹெர்ட்ஸ், அதாவது விசில் போன்ற கீச்சொலி, அவருக்குள் ஒன்பது டெசிபல் கூடுதலாகப் போய் விழுகிறது. ஆக, ஒரே ஒலியைக் கேட்டுவிட்டு இவர்கள் சண்டை போடவில்லை. ஆளுக்கொரு ஒலி போய்ச் சேர்கிறது.

இன்னொன்று. அதே ஹெட்ஃபோனை வேறு பெயர் சொல்லி, ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். மூவருமே "இதுதான் நல்லா இருக்கு" என்றோம். பெயரை மாற்றிய நானும்தான்.

நாள் 46. மாலை 16:30
பூமியில் நானூறு பேரிடம் எடுத்த முடிவுகளோடு சேர்த்துச் சராசரி போட்டாயிற்று. கூர்மையான பகுதிகளை என் காதுக்கு இதமாகும்வரை மழுக்கினேன். அருளப்பனின் அளவுகள் எதனோடும் ஒட்டவில்லை. கணக்கில் சேர்க்கவில்லை.

புது அமைப்பு மூன்று ஹெட்ஃபோன்களிலும் ஏறிவிட்டது. டாக்டர் காம்பில்லாத கண்ணாடிக்கு மாறி, தவிலைத் திரும்பப் பெற்றார். தலைவலிகூடக் குறைந்ததாம்.

நாள் 49. மதியம் 14:05
அருளப்பனிடமிருந்து, கிடங்குக் கூடத்தில் இருந்து: "தங்கச்சி, ஒரு விசில் கேட்டுக்கிட்டே இருக்கு. பாட்டு இல்லாதப்பவும் கேக்கு."

"எப்பவுமா அண்ணே?"

"கெடங்குல நின்னா ஜாஸ்தி. கழட்டினாலும் லேசா கேக்கு."

கிடங்குக்குப் போய் ஹெட்ஃபோனைக் கழற்றி நின்றேன். காற்றாடி தவிர வேறெதுவும் இல்லை. அழுத்தமானியும் நேராக நிற்கிறது. முக்குளித்தவர்களுக்குக் காதில் இரைச்சல் வருவது சகஜம் என்கிறார் டாக்டர். அப்படியே எழுதி வைத்தேன்.

நாள் 52. காலை 11:15
அவர் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய ஹெட்ஃபோனில் மட்டும் ஆறாயிரத்தைச் சுற்றியுள்ள பகுதியை முழுக்க வெட்டியெடுத்து, ராத்திரியிலும் மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"இப்பதான் நிம்மதியா இருக்கு தங்கச்சி. புண்ணியமாப் போகட்டும்."

நாள் 58. காலை 11:30
மாதாந்திர இருப்புச் சோதனை. நைட்ரஜன் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு இல்லை.

அழுத்தம் குறையக் குறையத் தொட்டி தானாக ஊதிச் சரிக்கட்டியிருக்கிறது. அதனால்தான் அழுத்தமானி நேராக நின்றது. மணியும் அடிக்கவில்லை. எங்கோ காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது. குறைந்தது ஒன்பது நாளாக.

நாள் 58. மதியம் 12:50
அருளப்பன் கேட்டது நிஜ விசில்தானா என்று பார்க்க டாக்டர் மூவருக்கும் செவிச் சோதனை செய்தார். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அருளப்பனுக்கு வயதுக்கேற்ற குறை மட்டும். காதில் இரைச்சல் இல்லை.

என் தாளில் ஆறாயிரத்துக்கு நேராக ஒரு பள்ளம். நான் பொத்தானையே அழுத்தவில்லையாம். டாக்டர் மூன்று முறை ஒலியைக் கூட்டியிருக்கிறார். பதினைந்து வருடம் ஸ்டுடியோவில் சத்தமாகக் கேட்டதன் பலனாக இருக்கலாம். எனக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் காதை வைத்துத்தான் எது இதம் என்று முடிவு செய்தேன்.

அவர் கேட்டது கசிவின் விசில்தான், குறை என் காதில் என்று அருளப்பனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாள் 58. மதியம் 13:40
அவர் விண்வெளி உடையோடு கிடங்கில். நான் கிடங்கை அடைக்கும் நடுக்கதவின் பொத்தானருகில். டாக்டர் எனக்குப் பின்னால். காற்றாடிகளைப் பத்து நிமிடம் நிறுத்தினோம். அதற்குமேல் மூச்சு முட்டும். அவர் உடையின் மைக் வழியாகப் பதிவானது, அப்படியே:

"இப்ப நல்லாக் கேக்குல்லா. வலது பக்கம்."

"ஹெல்மெட் போட்டுக்குங்க அண்ணே."

"போட்டா இது கேக்காது. எடத்தக் கண்டுபிடிச்சிட்டுப் போட்டுக்கிடுதேன்."

"டாக்டரும் போடச் சொல்றாங்க."

"அவங்கள வாசல்ல நிக்க வேண்டாம்னு சொல்லு. இந்தா இருக்கு. வெளிக்கதவு ரப்பர்ல, அடியில. முடி நுழையுத அளவுதான். பசை வைக்கேன்."

நாற்பது நொடி மூச்சுச் சத்தம்.

"ஏ, இது கிழியுது. தங்கச்சி, சாத்து."

"வெளியே வாங்க!"

"வர நேரமில்ல. டாக்டர் நிக்காங்கல்லா. சாத்து, சாத்து."

சாத்தினேன்.

நாள் 58. மாலை 15:25
அருளப்பன் ஞானப்பிரகாசம், வயது 52. நேரம் 13:52. டாக்டர் எழுதச் சொன்னார். கதவின் பொத்தானை அழுத்தியது நான் என்பதையும் எழுதுகிறேன். அதை அவர் எழுதச் சொல்லவில்லை.

நாள் 58. மாலை 17:10
மின்கம்பிகள் கிடங்கு வழியாகத்தான் வந்தன. காற்றாடிகள் இனி ஓடாது. விண்வெளி உடைகளும் அங்கேதான். தூங்கும் கூடத்தில் இருவரும் அடைந்திருக்கிறோம். ஆக்ஸிஜன் கைச்சிலிண்டர்கள் நான்கு. கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பாக்கள் ஆறு. கசிவை அடைக்கும் பசை ஒரு குழாய்.

இரண்டாம் நிலையத்திலிருந்து: "வண்டி கிளம்பியாச்சு. இருபத்தொரு மணி நேரம் ஆகும். தாக்குப்பிடிங்க."

டப்பாக்கள் இருபத்தைந்து மணி நேரம் வரும். இடம் கசியாமல் இருந்தால்.

நாள் 59. காலை 08:05
இவ்வளவு அமைதியை இங்கே வந்த பிறகு கேட்டதில்லை. டாக்டரின் முழங்கால் சொடுக்குவது கேட்கிறது. கணக்குப்படி இன்னும் ஆறு மணி நேரம்.

நாள் 59. காலை 09:30
டாக்டர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"எழிலி, ஏதோ கீச்சுனு... உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. பயத்தில் அப்படித் தோன்றும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பசைக் குழாயை எடுத்தேன்.

09:50
அவர் கண்ணை மூடி விரலால் காட்டுகிறார். நான் சுவரைத் தடவிப் பூசுகிறேன். தலையாட்டுகிறார். இன்னும் கீழே. சுவரின் குளிரில் கைவிரல் மரத்துப்போகிறது.

10:20
ஒன்று அடைபட்டது. அழுதுவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி காதைத் தீட்டினார்.

இரண்டாவது ஒன்று இருக்கிறதாம்.

10:40
பசை கால் குழாய். டாக்டருக்கு மூச்சு வாங்குகிறது. அவர் மூச்சே விசிலை மறைக்கிறது என்கிறார். மூச்சை அடக்கிக் கேட்கிறார். நானும் அடக்குகிறேன். எழுதும் சத்தமும் இடைஞ்சல் என்று சைகை காட்டுகிறார்.

எழுதுவதை நிறுத்துகிறேன்.