நடுவருக்கு என் பெயர் தெரியாது

ஜூன் 11, 2024

கல்லூரியில் இன்று யாரும் என்னோடு பேசவில்லை. பகுதிநேர விரிவுரையாளரிடம் பேச என்ன இருக்கிறது? அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றிய என் கட்டுரை, சமூகவியல் காலாண்டிதழிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. நிராகரிப்பு இல்லை. திருத்தச் சொல்லி, அதைப் பரிசீலித்த நடுவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, எழுதியது யாரென்று அவருக்கும் தெரியாது. இதழின் விதி. இதுவும் தேறாவிட்டால் ஆராய்ச்சிக்கே முழுக்கு.

ஜூன் 12

என்ன திமிர் இந்த ஆளுக்கு! "ஆற்றங்கரையில் நடந்த தண்ணீர் லாரிச் சண்டையை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். சண்டை இல்லாத நாட்களில் என்ன நடந்தது, கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 16

பெரும்பாக்கம் போனேன். பாஞ்சாலி அக்கா கரையில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். இப்போது ஆறாவது மாடி. நடுவரின் கேள்வியை அப்படியே கேட்டேன். சிரித்தாள்.

"அங்க கொடத்த வரிசைல வச்சிட்டு வேலைக்குப் பூடுவேன். பக்கத்து வூட்டுக்காரி ரொப்பி வெப்பா. இங்க கொழாய்லயே தண்ணி வருது, கதவ சாத்திக்கினு கெடக்குறோம். பக்கத்து வூட்ல யாரு கீதுன்னே தெர்ல."

கிளம்பும்போது, "நீயாவது வந்து போ, இன்னா?" என்றாள்.

தரமணி வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவளுக்காகவா, எனக்காகவா?

ஜூலை 30

திருத்தி அனுப்பியதற்கு நடுவரின் பதில், இரண்டாம் சுற்று. "குடம் பற்றிய பகுதிதான் கட்டுரையின் உயிர். அதை ஏன் கடைசியில் ஒளித்து வைத்தீர்கள்?"

என்னை இப்படி வரி வரியாக யாரும் படித்ததில்லை, என் வழிகாட்டிப் பேராசிரியர் உட்பட. அந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பத் திறக்கிறேன். காதல் கடிதமா இது? வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 19

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

யாரிடம் சொல்வது? வீட்டுக்கார மாமியிடம் சொன்னேன். "பேஷ். மோட்டார் ஓடிண்டிருக்கு, அப்பறமா சொல்லேன்."

இனி நடுவரிடமிருந்து ஒன்றும் வராது. திருத்த ஏதாவது மிச்சம் வைத்திருக்கலாமோ?

செப்டம்பர் 23

மனசு கேட்கவில்லை. இதழாசிரியர் அப்துல் கஃபாருக்குப் போன் செய்து, நடுவர் யாரென்று கேட்டேன், நன்றி சொல்லத்தான் என்றேன்.

"சொல்லக் கூடாதும்மா. அவரும் உங்கள யாருன்னு கேட்டாரு, நான் சொல்லல. உங்க பேரோட இதழ் வந்தா அவருக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்குத்தான் தெரியாது."

அக்டோபர் 27

இதழ் வந்தது. போன் எதுவும் வரவில்லை.

டிசம்பர் 8

அப்துல் கஃபார் ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். இந்த முறை நான் நடுவர். கொட்டிவாக்கம் மீனவர் குப்பம் பற்றியது. சுமாருக்கும் கீழே. 'ஏற்பதற்கில்லை' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நடுவில் ஒரு பத்தி — மீன் ஏலம் முடிந்த பிறகும் பெண்கள் ஏன் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, எழுதியவர் பயந்துபோய் விட்டுவிட்டார். அதை ஏன் விட்டீர்கள், திரும்பிப் போய்க் கேளுங்கள் என்று காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சாப்பிடவில்லை.

படித்துவிட்டுக் கன்னாபின்னாவென்று திட்டுவார். திட்டட்டும். எனக்குப் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்.