சாமி மேடைக்குக் கீழே நீங்கள் வைத்த பெட்டி

என்னங்க,

இந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டேன். புகை சாமி அறை முழுக்கப் பரவி நிறைந்த நேரம் பார்த்து எங்கேயோ பீப், பீப் என்று ஒரு சத்தம். முதலில் பக்கத்து வீட்டுக் கார் என்று நினைத்தேன். பிறகு கேஸ் சிலிண்டர் தோம்பில்தான் என்னமோ என்று பயந்து அடுப்படிக்கு ஓடினேன். கடைசியில் குனிந்து பார்த்தால், சாமி மேடைக்குக் கீழே நீங்கள் வைத்துவிட்டுப் போன அந்தக் கறுப்புப் பெட்டிதான் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு கத்துகிறது.

உங்களைத் திட்டாமல் நான் வேறு என்னதான் செய்வது, நீங்களே சொல்லுங்கள். ஆள் போய் வருஷம் திரும்பிவிட்டது. திதி கொடுத்து, படையல் போட்டு, இனி உங்களைப் பற்றி நல்ல வார்த்தை மட்டும்தான் பேசுவது என்று வைராக்கியமாக இருந்தேன். விட்டீர்களா என்னை?

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த கதையை நினைத்தாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த நம் மகன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். டிபன் கேரியர் உயரத்தில் அழகான பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க் போட்டு ஒயரைச் சொருகினால் போதும், வீட்டில் இருக்கிற படம், பாட்டு, வீடியோ எல்லாம் ஓரிடத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் கைபேசியிலோ டிவியிலோ எடுத்துப் பார்க்கலாம் என்றான். பிள்ளை ஆசையாக வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னான். நீங்கள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டீர்கள்:

"ஏன், அதுக்குள்ள தங்கமா வச்சிருக்கான்? பத்து பெரெண்டாம் ஊரு பேக்டரியில காலம் பூரா மெஷினு கழட்டி மாட்டினவன்டா நான். எனக்கு ஒரு பெட்டி கட்டத் தெரியாதா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே பேக்டரி ஆபீசில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் கயிற்றில் கட்டப்பட்டு வந்து இறங்கியது. அதன் மூடி கோணல். காற்றாடி வேறொரு செத்த கம்ப்யூட்டரில் பிடுங்கியது. சரி, டிஸ்க்காவது புதிதாக வாங்குவார் என்று நான் நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். புக்கிட் ரம்பாயில் ஒரு மினி மார்க்கெட்டை மூடுகிறார்கள், கேமராப் பெட்டியைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய் அதிலிருந்த இரண்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு வந்தீர்கள். வருஷக்கணக்காகப் பிஸ்கட் திருடுகிறவனைக் கண் கொட்டாமல் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன டிஸ்க்குகள் அவை. அவற்றை நம்பித்தான் நம் குடும்பத்தையே உள்ளே போட்டீர்கள்.

"ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணையே எழுதிக்கும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கு. புரியுதா?" என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினீர்கள்.

"ரெண்டும் ஒரே கடையில, ஒரே நாள்ல இருந்து ஓடினதுதானே? ரெண்டும் ஒண்ணாவே செத்தா?" என்று கேட்டேன்.

"வாயக் கழுவு" என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தீர்கள்? சாமி அறையில். ஏனென்றால் டெலிபோன் ஒயர் அந்த ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஹால் வரைக்கும் இன்னும் கொஞ்சம் ஒயர் இழுத்தால் காசு செலவாகிவிடுமாம். வெள்ளிக்கு வெள்ளி நான் சாம்பிராணி போடுகிற அறை, கற்பூரம் காட்டுகிற அறை, அங்கே வைக்காதீங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "சாமி பாத்துக்கும் லா" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று உங்கள் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தோம். பெட்டிக்கும் வைக்க வேண்டும் என்றீர்கள். வெளியில் வைத்தால் போதாதா? மூடியைத் திறந்து, இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைப்பது மாதிரி துடைத்தீர்கள். ஒவ்வொன்றின் மேலேயும் சின்னதாக ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு வட்டம். "பாத்தியா, பொட்டு வைக்க எடம் விட்டே செஞ்சிருக்கான்" என்று சந்தனத்தைக் குழைத்து அந்த வட்டத்தில் அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தீர்கள். பக்கத்திலேயே இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. என்னவென்று கேட்டேன். "மூடாதேன்னு போட்டிருக்கான். பொட்டு வைக்கிறது மூடறதுல சேராது" என்றீர்கள். மெஷினோடு காலம் தள்ளிய மனுஷன் சொல்கிறபோது நான் யார் மறுத்துப் பேச?

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தக் கேசட் விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கேசட்டில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, தேதி சொல்லிவிட்டார்கள் என்று மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம். என் அப்பா டவுனில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்தார். யாரோ பெரிய வீட்டுக்காரரின் டேப் ரெக்கார்டர் ரிப்பேருக்கு வந்திருந்தது. சரிசெய்து முடித்ததும், சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கும் சாக்கில் அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்க வீடு வீடாகப் போய்விட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "சுதந்திரம் வந்தா மொத வேலையா என்ன செய்வீங்க?" பால்காரர், "மாடு எனக்கு லீவு தராதே" என்கிறார். ஒரு பையன் சைக்கிள் வேண்டும் என்கிறான். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாளுக்குத் தலைமுறையாக மலாய்தான் பேச்சு, தமிழ் வராது, அப்பாவுக்கு மலாய் தட்டுத் தடுமாறும். அந்த அம்மாள், "மாக்கான் டூலு, மாக்கான் டூலு" என்று கேள்வியைக் காதில் வாங்காமல் முதலில் சாப்பிடச் சொல்லி அப்பாவை உபசரிக்கிறாள். கடைசியாக எங்கள் வீட்டு அடுப்படி. அம்மா. "சோறு பொங்குது, விடுங்க. சுதந்திரம் வந்தாலும் நான்தானே வடிக்கணும்?"

அவ்வளவுதான். என் அம்மா இந்த உலகத்தில் விட்டுவிட்டுப் போன குரல் அந்த ஒரு வரிதான். அவள் போனபோது அவள் குரல் என் மனத்தில் தங்குகிற வயசு எனக்கு இல்லை. பெரிய நாடாவிலிருந்து கேசட்டுக்கு மாற்றி அப்பா என் கல்யாணத்தின்போது கையில் கொடுத்தார். சீர்வரிசையில் வந்த பித்தளை அண்டாவைக்கூட நான் அப்படிப் பாதுகாக்கவில்லை.

மலாக்காவின் புழுக்கத்தில் கேசட்டுக்குப் பூஞ்சை பிடித்தது. "குடு, பெட்டிக்குள்ள ஏத்திடறேன், அப்புறம் யுகத்துக்கும் அழியாது" என்றீர்கள். கொடுத்தேன். ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போட ஒரு ஒயர் வேண்டும், சுண்டு விரல் கனத்தில் ஒரு ஒயர். வாங்கினீர்களா? "மைக் இருக்கும்போது ஒயர் எதுக்கு?" என்று சாப்பாட்டு மேசையில் ரேடியோவை வைத்து, அதன் வாய்க்கு எதிரே மைக்கை நிறுத்தி, பட்டப்பகலில், நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பதிவு செய்தீர்கள்!

ஆசையாகப் போட்டுக் கேட்டேன். அப்பா கேள்வி கேட்கிறார், நடுவில் ரொட்டிக்காரரின் ஹார்ன். பால்காரர் பதில் சொல்கிறார், பின்னால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. அம்மா வாயைத் திறந்தாள். "சோறு பொங்குது" என்றாள். அந்த நேரம் பார்த்து என் குக்கர் விசில் அடித்தது. நான் பட்டென்று நிறுத்திவிட்டேன். மறுபடி ஒழுங்காக எடுங்கள் என்று கத்தினேன். எடுத்தீர்கள். இரண்டாவது முறை நாடா உள்ளே சிக்கி, பூஞ்சை பிடித்த இடமெல்லாம் நூல் நூலாகப் போயிற்று.

அன்றைக்கு நான் அழுததை நீங்கள் பார்த்தீர்கள். "பெட்டியில ஒண்ணு இருக்குல்ல" என்று மெதுவாகச் சொன்னீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதை இனி தொடவே மாட்டேன் என்றேன். தொடவும் இல்லை. கோபம்தான், வேறென்ன? ஆனாலும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா அங்கே இருக்கிறாள் என்று ஒரு தைரியம் இருந்தது. நீங்கள் போன பிறகும் அதன் காற்றாடி உறுமலைக் கேட்டுக்கொண்டேதான் விளக்கேற்றினேன்.

அதுதான் இப்போது கத்துகிறது. மகனுக்குப் போன் போட்டேன். "அப்பவே கிளவுட்ல போடச் சொன்னேன்லம்மா" என்றான். "அதை உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் பண்டார் ஹிலிருக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைச் சீனப் பையன் மூடியைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனான். "அலாமாக்! ஆன்ட்டி, வீட்ல யாரு இவ்வளவு சிகரெட் பிடிக்கிறது?" என்று மலாயில் கேட்டான். "சிகரெட் இல்ல, சாமி" என்றேன். காற்றாடியில் சாம்பிராணிப் பிசின் கறுப்பாக அப்பியிருந்தது. டிஸ்க்கை எடுத்துப் பார்த்தவன் காய்ந்துபோன பொட்டை நகத்தால் சுரண்டினான். "இது மூச்சு விடற ஓட்டை, ஆன்ட்டி. மூடாதேன்னு எழுதியிருக்கே." எனக்கு எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கடையிலேயே உங்களை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

"இதனாலதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். இதனாலும் இருக்கலாம், டிஸ்க்கும் கிழடு என்றான். ஒன்று சுற்றவே இல்லை. மற்றது டிக் டிக் என்று முனகியது. வரும், வராது, சொல்ல முடியாது, விட்டுவிட்டுப் போங்கள் என்றான். நான் சொன்னது நடந்துவிட்டது பார்த்தீர்களா? இரண்டும் ஒன்றாகவே படுத்துவிட்டன. நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. அவன் கூப்பிடும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா இரண்டாவது தடவையாகப் போகப் போகிறாள் என்றே நினைத்தேன்.

கூப்பிட்டான். படங்களில் பாதி போய்விட்டதாம். வந்த மீதியிலும் பலவற்றில், ஆட்களின் இடுப்புக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். குரல் பதிவு ஒன்றே ஒன்று முழுசாக வந்திருக்கிறது என்றான். கட்டைவிரல் அளவு பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தான். வீட்டுக்கு வந்து டிவியில் சொருகினேன். நீங்கள் வைத்த பேர் திரையில் வந்தது: ‘மாமனார் பேட்டி – சரியில்லை – திரும்ப எடுக்கணும்.’

போட்டேன். அப்பா, ரொட்டிக்காரர், பால்காரர், குழாய்த் தண்ணீர், செட்டி அம்மாள். அம்மா. "சோறு பொங்குது", விசில், அதற்கு அடியில் "நான்தானே வடிக்கணும்?" இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை. பதிவு முடியவும் இல்லை. அடுப்படியிலிருந்து நான் கத்துகிறேன்: "என்னங்க, சோறு ஆறுது! வர்றீங்களா, இல்லையா?" மைக்குக்குப் பக்கத்திலேயே, எல்லோரையும்விடத் தெளிவாக, நீங்கள்: "இதோ வந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, நான் கேட்கக் கூடாதென்று, நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத என் அம்மாவிடம் சொல்கிறீர்கள்: "அத்தே, உங்க மகளும் இதையேதான் சொல்றா."

அதோடு முடிந்தது.

ஒயர் வாங்கியிருந்தால் அம்மா குரல் சுத்தமாக வந்திருக்கும். நீங்கள் அதில் வந்திருக்க மாட்டீர்கள். இதற்கு உங்களை எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மகன் சொன்ன அந்த டிபன் கேரியர் பெட்டியை வாங்கி ஹாலில் வைத்தாயிற்று. ஹால் வரைக்கும் ஒயரும் இழுத்தாயிற்று. பொட்டு மூடியில் மட்டும்தான். மகன் வீட்டில் ஒரு பிரதி, என் தம்பி வீட்டில் ஒரு பிரதி. அப்படியும் மனசு கேட்காமல் அந்தப் பென் டிரைவைக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு திரிகிறேன். பாசாரில் மீன் வாங்கப் போனாலும் அது கூட வருகிறது. மத்தியானம் தட்டு வைத்த பிறகு அதை எடுத்து டிவியில் சொருகுகிறேன். இதோ வந்துட்டேன் என்கிறீர்கள். தினமும் இதையேதான் சொல்கிறீர்கள். சோறு ஆறிப்போகிறது. பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா?